அடுத்த பெயர் என்னுடையது

எனக்கு ஒரு நண்பர் தேவை என்று மருத்துவமனை முடிவு செய்தது. நான் கேட்கவில்லை.

எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய் எனக்கு. இதுவரை இரண்டு சிகிச்சைகள். இரண்டும் ஆரம்பத்தில் சுறுசுறுப்பாக வேலை பார்த்து, பிறகு சலித்துப்போய், கடைசியில் வெறுமனே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தன. அரசாங்க அலுவலகத்தில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாகப் புதிய ஊசி ஒன்று வந்திருப்பதாகவும், எனக்கு அது பொருந்தும் என்றும், ஆனால் காத்திருக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். நோயாளிகள் வழக்கமாக இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை போலிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விஷயம் இதுதான். முதல் சில ஊசிகளின்போது கடும் காய்ச்சல் வரலாம், நினைவு தடுமாறலாம். அதனால் வார்டில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று பயிற்சி பெற்ற தாதியர் கவனிக்கும் கட்டில் அங்கே ஒன்றே ஒன்று. ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் படுக்கலாம். வீட்டுக்குப் போன பிறகும் சில வாரங்கள் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். வயது வந்தவராக, நோய் என்னவென்று தெரிந்தவராக, ஒரே கூரையின் கீழ் தூங்குகிறவராக அவர் இருக்க வேண்டும். அவர் முன்கூட்டியே ஒரு விளக்கக் கூட்டத்துக்கு நேரில் வரவேண்டும். வராவிட்டால் கட்டில் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பினாங்கு நில அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதைவிட மோசமான விதிகளை நானே எழுதியிருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளும் தயார். என் மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் மூச்சு விடுவதைக்கூடத் திருத்துகிறவள். பட்டியலில் நான் இரண்டாவது. முதல் ஆள் யார் என்று கேட்டபோது, அது ரகசியம், சொல்ல முடியாது என்றார்கள். மறுவாரம் அந்த முதல் ஆளையே கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தி, இவர்தான் உங்கள் நண்பர் என்றார்கள்.

திட்டத்தின் பெயர் 'சஹாபாட்'. மலாயில் தோழர் என்று பொருள். ஒரே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, வியாழக்கிழமை தோறும் ஓர் அறையில் உட்காரவைப்பார்கள். அறை கீழ்த்தளத்தில், பழுதான சக்கர நாற்காலிகள் அடுக்கிவைத்த அறைக்குப் பக்கத்தில். அதை நடத்துபவர் ஒரு தொண்டூழியர், தமிழ் முஸ்லிம் பெண்மணி. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கணவர், ஒவ்வொரு வாரமும் ஒரு பெட்டி நிறைய, கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் கொடுத்தனுப்புவார். நல்ல மனிதர்கள். நல்லவர்களிடம் எரிச்சல்படுவது எவ்வளவு சிரமம் என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள், இங்கே கேட்பது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். வாங்கி முடித்த கையோடு, "எல்லாரும் இப்படி வாங்க, ஒரு குரூப் போட்டோ" என்றார். பின்னால் திட்டத்தின் பெயர் எழுதிய பெரிய பதாகை. விரலை மடக்கி இதயம் மாதிரி காட்டச் சொன்னார். நான் காட்டவில்லை. என் தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து ஒளிந்துகொள்வது தெரிந்தது.

ரகசியம் காப்பது எனக்குப் பழகிய வேலை. நில அலுவலகத்தில் யாராவது வந்து, எங்கள் நிலத்தை அரசாங்கம் எடுக்கப் போகிறதா என்று கேட்டால், "அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை" என்பேன். கேட்டவர் முகம் வெளுத்துப்போய், வீட்டுக்குச் சென்று சாமான் கட்டத் தொடங்குவார். ஒன்றும் இல்லாத இடத்தில் அந்த வாக்கியம் வராது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நான் ஒரு தடவைகூட விதியை மீறியதில்லை.

என் பின்னால் ஒளிந்தவர்தான் என் சஹாபாட். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் பழைய காடிகளை, அதாவது கார்களை, வாங்கி விற்பவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நோய் உடம்பை இளைக்கவைத்திருந்தாலும் சட்டையை அதே பழைய அளவில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, நீங்கதான் ரெண்டாவதா?"

"ஆமா."

"நான் மொதல்ல. பின்னால நின்னு ஹாரன் அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"பாத்தீங்களா, இப்பவே ஜோக்கு" என்று தொண்டூழியர் கைதட்டினார். "இதான் நமக்கு வேணும். நாமெல்லாம் போராளிங்க லா."

நான் யாரோடும் போராடவில்லை. என் எலும்புக்குள் என் அனுமதியில்லாமல் ஒரு காரியம் நடக்கிறது. அதற்கு மருந்து இருக்கிறது. மருந்துக்கு வரிசை இருக்கிறது. இதில் போர் எங்கே வந்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மூச்சுப் பயிற்சி தொடங்கிவிட்டது. கண்ணை மூடி, வயிற்றில் கைவைத்து, பிடித்தமான ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

"எந்தக் கடற்கரை அக்கா?" என்றார் காடிக்காரர், கண்ணை மூடியபடியே. "பத்து ஃபிரிங்கினா நான் வரல. அங்க பார்க்கிங் கெடைக்காது."

அன்றுதான் அந்த அறையில் முதல் தடவையாகச் சிரித்தேன். அதைத் தொண்டூழியர் பார்த்துவிட்டார். எங்கள் ஜோடி வெற்றி என்று அவர் குறித்துக்கொண்டிருப்பார்.

இதற்குப் பிறகு எங்களைப் பிரிக்க முடியவில்லை. வியாழன் போதாதென்று வாட்ஸ்அப் வேறு. முள்சீத்தா இலைக் கஷாயம், பாம்புப்புல் சாறு, காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சை என்று குழுவில் இருக்கிறவர்கள் அனுப்புவதையெல்லாம் அவர் எனக்குத் தனியாகவும் அனுப்புவார். ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொன்னால், "உங்க கண்ணுல படலையோன்னு அனுப்புனேன் அண்ணே" என்பார். மருந்தைப் பற்றி அவருக்கு வந்த சந்தேகங்களையெல்லாம் என்னிடம்தான் கேட்பார். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். சொன்னதும், "சரி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்பார். பிறகு எதற்கு என்னிடம் கேட்டீர்கள் என்று நான் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை கூட்டம் முடிந்து சிற்றுண்டிச்சாலையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கைப்பேசியில் காட்டினார். விற்கப்போகும் காடியின் படங்களைக் காட்டுகிற மாதிரி, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி. எனக்கு இந்த எண்களைப் படிக்கத் தெரியும். என்னுடையதைப் படித்துப் படித்துப் பழக்கம். அவருடைய சிறுநீரகம் தொடர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தது. என்னுடையது அப்படி இல்லை. அவரை ஏன் முதலில் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"விளக்கக் கூட்டத்துக்கு உங்க சம்சாரம் வர்றாங்கதானே?" என்றேன்.

தேநீரை ஆற்றினார். ஆறிப்போன தேநீர் அது.

"வீட்டுல தெரியாதுண்ணே."

"எது தெரியாது?"

"எதுவுமே தெரியாது. வியாழக்கெழம பினாங்குல காடி லெலோங் நடக்குது, அதுக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

ஏலத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வருடமாக இரண்டு சிகிச்சைகளை முடித்திருக்கிறார். முடி கொட்டாத வகை மருந்து என்பதால் சாத்தியமாகியிருக்கிறது. உடம்பு இளைத்ததற்குச் சர்க்கரை என்று காரணம் சொல்லியிருக்கிறார். வாங்காமல் திரும்பி வருகிற ஏலக்காரனை எந்த மனைவி இவ்வளவு நாள் நம்புவாள் என்று கேட்டேன். நடுவில் மூன்று காடிகளை உண்மையிலேயே வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

காரணம் மகள். ஒரே மகள். பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையனும் பாயான் லெப்பாசில்தான் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பையன் வீட்டார் ஆடிக்கு முன்னால் வந்து பேசி முடிப்பார்கள். ஆடியில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்பதால் பரிசம் ஆவணியில். கட்டிலோ ஆடியில் வருகிறது.

"பொண்ணோட அப்பனுக்குப் பெரிய சீக்குன்னு தெரிஞ்சா, பொண்ணு ரத்தத்துலயும் இருக்கும்னு போயிடுவாங்கண்ணே. உங்களுக்குத் தெரியாதா நம்மாளுங்கள?"

"இது அப்பாகிட்டேருந்து பிள்ளைக்கு வர்ற வியாதி கெடையாது. டாக்டரே சொல்லியிருக்காரு."

"டாக்டரா பொண்ணு கேட்டு வர்றாரு?"

அவரே தொடர்ந்தார்.

"ஒன்னு செய்வோம். நீங்க முன்னால போயிடுங்க. நான் ஆவணில வர்றேன். நீங்களும் கஷ்டப்படாம இருப்பீங்க."

"ஆவணி வரைக்கும் உங்க கிட்னி நிக்குமா?"

"நிக்காட்டி தள்ளிக்கிட்டுப் போவோம் லா. எத்தன காடி தள்ளியிருக்கோம்."

நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். அவள்மேல் எந்தத் தவறும் இல்லை. வேறு யாரும் பக்கத்தில் இல்லை. பெற்றவன் செத்துப்போனாலும் பரவாயில்லை, செத்ததற்குக் காரணம் மட்டும் தெரியக் கூடாதாம். எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் இவர்கள். அவள் என்னை முழுவதும் பேசவிட்டுவிட்டு, "உங்க தங்கச்சிக்கு வலிப்பு இருந்தது எனக்கு எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான். நான் குளிக்கப் போய்விட்டேன்.

விதிகளுக்குள்ளேயே ஒரு வழி இல்லாமல் போகாது என்பது என் நம்பிக்கை. கவனித்துக்கொள்பவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அவருடைய பட்டறையில் வேலை செய்யும் ஆளைக் கூட்டிவரலாமா? முடியாது, அவன் வேறு கூரையின் கீழ் தூங்குகிறான். நானே இருக்கலாமா? நோயாளி நோயாளியைக் கவனிக்க முடியாது. அவர் எங்கள் வீட்டில் வந்து தங்கி, என் மனைவி பார்த்துக்கொண்டால்? இதைத் தொண்டூழியர் மூலம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் ஒருவரைத்தான் கவனிக்கலாம் என்று பதில் வந்தது. அவர் அந்தப் பதிலைச் சொன்ன விதம்தான் தாங்கவில்லை.

"உங்க ரெண்டு பேரோட நட்பப் பாத்தா எனக்குக் கண்ணு கலங்குதுங்கய்யா."

"கண்ணு கலங்கி என்னம்மா பண்றது? கட்டில் கெடைக்கணும்."

"நீங்க பாசிட்டிவா இருங்க. எல்லாம் தானா நடக்கும்."

தானாக என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். விளக்கக் கூட்டத்துக்கு அவர் பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள். பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அது என்னுடையது. நான் எந்த விதியையும் மீற வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம், சும்மா இருந்தால் போதும். எனக்கும் முதுகெலும்பில் வலி தொடங்கியிருந்தது. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடியவில்லை. அந்தக் கட்டில் எனக்கும் வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் அவர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். பையன் வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள். பெண் பக்கத்தில் பேசுவதற்குப் பெரியவர்கள் குறைவு. அவருடைய அண்ணன் உயிரோடு இல்லை.

"நீங்க வந்து உக்காந்தா போதும்ணே. கவர்மெண்டு ஆளுன்னு பாத்தாலே தெரியுது. சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க."

"என்ன பழக்கம்னு கேட்டா?"

"நான் உங்களுக்குக் காடி வித்தேன்னு சொல்லுங்க."

பொய் சொல்ல மாட்டேன் என்றேன். "சரி, நானே சொல்லிக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மனைவி காடியை ஓட்ட, பாலத்தைத் தாண்டி ஜுருவுக்குப் போனோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய இணைப்பு வீடுகளில் ஒன்று. முன்னால் விலைச்சீட்டு ஒட்டிய இரண்டு காடிகள், பளபளவென்று துடைத்து. உள்ளே கேசரியும் வடையும். பையன் அமைதியாக இருந்தான். அவன் அப்பாவும் அம்மாவும் அமைதியாக இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்குமான பேச்சையும் பையனின் அத்தை பேசினார். முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு வருகிற தணிக்கை அதிகாரிகளை எனக்குத் தெரியும். அதே ரகம். படிப்பு, சம்பளம், ராசி, நட்சத்திரம், கோயில் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் தட்டைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அப்புறம், ஒடம்பெல்லாம் எப்படி? ஒங்க குடும்பத்துல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"எனக்குக் கொஞ்சம் சக்கரைங்க" என்றார் காடிக்காரர்.

"சக்கரை, பிரஷர்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான். அது கணக்குல வராது. நான் கேட்டது வந்து, அந்த மாதிரி பெரிய சீக்கு ஏதாச்சும். நாளைக்குப் பொறக்குற பிள்ளைங்களுக்கு வந்துரக் கூடாது பாருங்க."

எனக்கு முதுகு வலித்தது. கேசரி தித்தித்தது. வியாழக்கிழமைகள் முழுவதும் சேர்ந்த எரிச்சல் வேறு. நோயின் பெயரைச் சொன்னால் வானம் இடிந்து விழாது என்று அந்தக் கூடத்தில் இருக்கிற யாருக்காவது காட்ட வேண்டும் என்று தோன்றியது.

"எனக்கு இருக்கு" என்றேன். "புற்றுநோய். ரத்தத்துல."

என் மனைவி மட்டும் வடையைத் தொடர்ந்து சாப்பிட்டாள். மற்ற எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

"அய்யய்யோ" என்றார் அத்தை, மெதுவாகவும் மரியாதையாகவும். "பாத்தா தெரியலையே. நீங்க பொண்ணுக்கு என்ன முறை வேணும்?"

"முறை ஒன்னும் இல்ல. இவருக்குப் பழக்கம்."

"காடி வாங்குனாரு" என்றார் காடிக்காரர் வேகமாக.

"அப்ப ரத்த சொந்தம் இல்ல."

"இல்ல."

"ஆங், அப்ப சரி." அவர் முகம் தெளிந்தது. தட்டை மறுபடியும் எடுத்துக்கொண்டார். "கடவுள் ஒங்களுக்கு ஒன்னும் கொறை வைக்க மாட்டாருங்க." சொல்லிக்கொண்டே நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி உட்கார்ந்தார்.

வானம் எந்த இடத்தில் இடிந்து விழும் என்பதை நான் அளந்து காட்டிவிட்டேன். காடிக்காரர் என்னைப் பார்க்கவில்லை. கையில் பிடித்திருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுதான் சரி, நான்தான் மடையன் என்பதை இதைவிடத் தெளிவாக நிரூபித்திருக்க முடியாது. கூடத்து வாசலில், தட்டுகளை எடுக்க வந்த மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது கை கழுவப் பின்பக்கம் போனேன். துண்டு கொடுக்க அவள் வந்தாள்.

"அங்கிள், நீங்க என்ன காடி வெச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"அந்த மாடல அப்பா தொடவே மாட்டாரு. கியர்பாக்ஸ் சரியில்லன்னு என் ஃபிரண்டுக்கே விக்க மாட்டேன்னுட்டாரு." துண்டை அவளே திரும்ப வாங்கி மடித்தாள். "அப்பாவ ஒங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

நான் ஒன்றுக்கும் மேற்பட்ட பதில்களைச் சொல்லியிருக்கலாம். இன்ஷூரன்ஸ் வகையில் பழக்கம் என்றிருக்கலாம். கோயிலில் பார்த்தேன் என்றிருக்கலாம். அவளும் விட்டிருப்பாள். கட்டில் எனக்கு வந்திருக்கும்.

"அதப் பத்திப் பேச எனக்கு அனுமதி இல்லம்மா" என்றேன். "கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

அவள் மடித்த துண்டை மறுபடியும் பிரித்தாள். பக்கத்து வீட்டில் யாரோ காடியைப் பின்னால் எடுத்தார்கள்.

"எங்க போட்டீங்க?"

"அதையும் சொல்ல முடியாது."

"வியாழக்கெழமையா?"

"நான் எதுவும் சொல்ல முடியாதும்மா."

"சரி அங்கிள்" என்றாள். குரல் மட்டும் சற்று இறங்கியிருந்தது. "பாத்துப் போங்க. அங்க படி கொஞ்சம் ஒசரம்."

என்ன விளைவு வரும் என்று தெரியாமல் சொன்னேன் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. வீடு திரும்பியதும் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். இன்னொரு நோயாளியின் பெயரையோ, நோயையோ, அவர் சொன்ன எதையுமோ வெளியிடக் கூடாது. நான் வெளியிடவில்லை.

விளக்கக் கூட்டம் அடுத்த வியாழன். எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் வழக்கம்போல் சஹாபாட் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் தனியாக வந்தார். என்னைப் பார்த்து ஒரு வணக்கம்கூட இல்லை. எதிர்ச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். தொண்டூழியர் எங்கள் இருவருக்கும் நடுவில் கறிபாப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சமாதானத்துக்கு அவருக்குத் தெரிந்த வழி அது.

தாதி வந்து, "உங்க கூட யாரு?" என்று கேட்டார்.

"யாரும் வரல" என்றார் காடிக்காரர். "அடுத்த ஆளு இவருதான். இவர எடுத்துக்குங்க." என் பக்கம் மோவாயால் காட்டினார்.

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் டவுன் வரை வந்து, அங்கிருந்து நடந்து வந்திருக்கிறாள். நீல மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் அட்டை தொங்கியது. அப்பாவைப் பார்க்காமல் தாதியிடம், "நான் மக. ஒரே வீடுதான்" என்றாள். தாதி இரண்டு பேரையும் அடுத்த அறைக்கு அழைத்துப்போனார்.

அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விகளை நான் சுவரின் இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை டிகிரி வந்தால் கூப்பிட வேண்டும். எந்த எண்ணுக்கு. அந்த எண்ணை யாரும் எடுக்காவிட்டால் எந்த எண்ணுக்கு. நினைவு தடுமாறுகிறதா என்று எப்படிச் சோதிப்பது. ஏனென்றால் அப்பா சாதாரணமாகவே ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார். தாதி சிரித்துவிட்டார். ஒரே ஒரு தடவை அவள் குரல் உடைந்தது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டபோது.

வெளியே வந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"ஒரு வார்த்த சொல்லல."

"அவளும் அதான் சொல்றா. அங்கிள் ஒன்னுமே சொல்லலன்னு." பல்லைக் கடித்தார். "அதான் எரிச்சலா இருக்கு. சொல்லியிருந்தா நாலு வார்த்த திட்டியிருப்பேன்."

"திட்டுங்க."

"என்னன்னு சொல்லித் திட்டறது? ஒக்காந்து தலைய ஆட்டச் சொன்னேன். அது ஒன்னுதான் வேல. அத செய்யத் தெரியல, பெரிய ஆபீசராம்."

நின்று மூச்சு வாங்கினார். பிறகு மீதியைச் சொன்னார். மகள் ஞாயிறு இரவே அவர் கைப்பேசியில் பரிசோதனை முடிவுகளையும் கூட்டத் தேதியையும் பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று இவர் தடுத்திருக்கிறார். மறுநாள் பையனைத் தனியாகக் கூப்பிட்டு அவனிடமும் சொல்லிவிட்டாள். அவன் தன் வீட்டில் சொல்லிவிட்டான். அத்தை யோசிக்க டைம் கேட்டிருக்கிறார்.

"பையன்?"

"அவன் யோசிக்க ஒன்னும் இல்லன்றானாம். ஆனா அந்த அத்த கையெழுத்துப் போடாம அங்க வண்டி நகராது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் சம்சாரம் என்கிட்ட பேசறதில்ல. சோறு மட்டும் வருது. அந்த மூணு காடியப் பத்தி மட்டும் ஒரு தடவ கேட்டா."

தொண்டூழியர் கண்ணைத் துடைத்தபடி வந்து, இந்த நல்ல நாளில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். பல வாரங்களில் அந்தத் திட்டம் கண்ட முதல் ஒற்றுமை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆடி பிறந்த வாரத்தில் அவர் உள்ளே போனார். அதனால் நான் இன்னும் வெளியே இருக்கிறேன். அவருக்குக் காய்ச்சல் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதால் கட்டில் காலியாவது தள்ளிப்போகிறது என்று வார்டில் சொன்னார்கள். எவ்வளவு தள்ளிப்போகிறது என்று கேட்டேன். வழக்கமான பதில் வந்தது. அந்தப் பதிலை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை. முதுகுக்கு ஒரு பட்டை வாங்கிக் கட்டியிருக்கிறேன். படிக்கட்டைத் தவிர்த்து, கீழே மனைவியின் தையல் அறையில் படுக்கிறேன். அவள் தினமும் என் பையை எடுத்து, அடுக்கிய துணிகளை வேறு மாதிரி அடுக்குகிறாள்.

நேற்று அவரே கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது.

"அண்ணே, முப்பத்தொம்பதர போச்சு. செத்துட்டேன்னு நெனச்சேன். மக வந்து, நம்ம காடி நம்பரெல்லாம் வரிசையா சொல்லச் சொன்னா. சொன்னேன். ஒன்னுல மட்டும் தப்பு. தாதி வந்து பாத்துட்டு, நினைவு சரியா இருக்குன்னுட்டாங்க."

"தூங்குங்க. அப்புறம் பேசலாம்."

"இருங்கண்ணே. ஒங்களுக்குச் சொல்லணும்ல, நான்தானே ஒங்க சஹாபாட். குளிரு மொதல்ல கால்ல ஆரம்பிக்கும். பயந்துராதீங்க, அது போயிடும். கஞ்சி வாய்ல வைக்க முடியாது, வீட்டுல அக்காகிட்ட ஊறுகா குடுத்து விடச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு. ஏசி நேரா தலைல அடிக்கும், தொப்பி வேணும். அப்புறம் பிளக்கு கட்டிலுக்கு ரொம்ப தூரம். சார்ஜர் எட்டாது."

"சரி."

"எழுதிக்கிட்டீங்களா?"

"ஞாபகம் இருக்கும்."

"இருக்காதுண்ணே. காய்ச்சல்ல எனக்கே இல்ல. எழுதுங்க."

எழுதினேன். பிறகு மனைவியை அழைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய் நீள ஒயர் ஒன்று வாங்கிவந்தேன். கடையில் இருந்ததிலேயே நீளமானது. அவள் அதைச் சுருட்டி, தொப்பிக்குப் பக்கத்தில் பையில் வைத்து மூடினாள்.

மருத்துவமனை இன்னும் கூப்பிடவில்லை.